சுல்தானின் நான்காம் சுற்று

குதிரை நின்றுகொண்டுதான் தூங்கும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், வினாடி வினாவில் அதற்கு மதிப்பெண் போடுகிறார்கள், படித்தவர் என்று பெயரெடுத்தவர்கள்கூடப் பந்தியில் உட்கார்ந்து அதைச் சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குகிறார்கள். இந்தப் பிழையை இனிமேலும் பொறுத்துக்கொள்வதற்கில்லை. நின்றுகொண்டு குதிரை செய்வது தூக்கமே அல்ல. அது வெறும் கண்ணயர்வு, பிற்பகல் மூன்று மணிக்கு அரசு அலுவலகங்களில் நடப்பது. கனவு வருகிற தூக்கம் வேண்டுமென்றால் குதிரையும் மற்ற எல்லாரையும் போலக் காலை மடக்கிக் கீழே படுத்தாக வேண்டும். நாளைக்கு அரை மணி நேரம் படுத்தால் போதும். அதற்கு மேல் அது கேட்பதில்லை.

பனிமேட்டில் குதிரைகள் படுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஏரியைச் சுற்றிச் சவாரி போகும் முப்பது குதிரைகளுக்கும் அந்த மலையூரில் இதுதான் நிலைமை. ஏரிக்கரைக் கொட்டகைகளின் நீளத்தை நகராட்சி ஆறு வருஷத்துக்கு முன்னால் குறைத்தது, குதிரைகளின் எண்ணிக்கையைக் குதிரைக்காரர்கள் குறைக்கவில்லை, ஆகவே நடுவில் பலகைகளை நெருக்கி அடித்தார்கள், ஒவ்வொரு குதிரைக்கும் நிற்கிற அளவுக்கு இடம் வந்தது. பாக்கியநாதனின் கொட்டகை நாலு குதிரைக்குத் தோதானது. அதில் ஆறு நின்றன. இதற்கும் பின்னால் நடந்ததற்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று பனிமேட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டு வளர்ந்த ஊர் அல்ல அது.

பாக்கியநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மங்கி குல்லா, முழங்கால் வரை சேறு, பேசும்போது எதிரில் இருப்பவரின் காலணியைப் பார்க்கும் பழக்கம். முப்பது வருஷமாக ஏரியைச் சுற்றி நடந்திருக்கிறான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் இடது தோள் பக்கமாக, மேலே ஏறியதில்லை. குதிரைக்காரர்கள் ஏறுவதில்லை, அவர்கள் வீட்டுப் பெண்கள் ஏறுவதே இல்லை. ஏறுவது கீழேயிருந்து வருகிறவர்களின் வேலை.

ஏறியவுடன் குதிரையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்பது பனிமேட்டு வழக்கம். சுல்தான் சென்னை டெர்பியில் மூன்று தடவை ஜெயித்தவன். வெண்ணிலா பதினேழு படங்களில் நடித்தவள். கேப்டன் எல்லையில் குண்டுக்கு நடுவே தபால் கொண்டுபோனவன். ராணி மைசூர் அரண்மனையில் பிறந்து வெள்ளித் தொட்டியில் கொள்ளு தின்றவள். டெர்பியில் ஒரு குதிரை வாழ்நாளில் ஒரே தடவைதான் ஓடமுடியும் என்பது சுல்தான்மேல் ஏறிய ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மூன்று தடவை என்று கேட்டதும் எல்லாரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள்.

வாயால் சொல்லும் பொய்யாவது காற்றோடு போகும். காகிதத்தில் இருந்த பொய் இன்னும் பெரியது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நகராட்சி முப்பது குதிரைகளுக்கு லைசென்ஸ் கொடுத்துவிட்டு, இனிப் புதுக் குதிரைக்கு லைசென்ஸ் கிடையாது என்று ஒரு தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து பனிமேட்டில் குதிரைகள் சாவதில்லை. ஒன்று விழுந்தால் இன்னொன்று கீழேயிருந்து லாரியில் வரும், அதே பெயர், அதே எண் போட்ட தகரம், அதே வரலாறு. பதிவேட்டின்படி ராணிக்கு நாற்பத்து மூன்று வயது. செவலையாக இருந்தவள் ஒருநாள் கறுப்பானாள், பிறகு நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு மறுபடி செவலையானாள். ஒவ்வொரு வருஷமும் வந்து பார்த்த அதிகாரிகள் ஒவ்வொரு வருஷமும் கையெழுத்துப் போட்டார்கள்.

இதெல்லாம் பாக்கியநாதனின் மனைவி அமலோற்பவத்துக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு.

இப்போதைய ராணிக்கு முந்தைய ராணியை அவள் ராணி என்று கூப்பிட்டதே இல்லை, பாப்பா என்பாள். எலும்பும் தோலுமாக வந்த அந்தக் கறுப்புக் குதிரைக்குக் கேழ்வரகுக் களியில் வெல்லம் போட்டு உருட்டிக் கொடுத்து ஆளாக்கியவள் அவள்தான். பாப்பாவுக்கு முன்னங்கால் வீங்கிப்போன வருஷம் அமலோற்பவம் வேளாங்கண்ணி திருவிழாவுக்குப் போனாள், அதன் காலில் தடவுவதற்காக ஒரு பாட்டில் எண்ணெய் மந்திரித்து வாங்கிக்கொண்டு ஐந்தாம் நாள் திரும்பினாள். வயிற்று வலி வந்து பாப்பா செத்துப்போச்சு என்றான் பாக்கியநாதன். கொட்டகைக்குப் பின்னால் சரிவில் புதைத்துவிட்டதாகச் சொல்லி ஒரு மண்மேட்டைக் காட்டினான். அவள் அந்த எண்ணெய் முழுவதையும் மேட்டின்மேல் ஊற்றினாள். சுற்றிலும் கல் அடுக்கிச் சுண்ணாம்பு அடித்தாள். மூன்று வருஷமாக அந்தத் தேதியில் ஒரு களி உருண்டை வைக்கிறாள்.

மேட்டுக்கு அடியில் பாப்பா இல்லை. பாறை நிலத்தில் குதிரைக்குக் குழி வெட்டுவது இரண்டு ஆளின் மூன்று நாள் வேலை என்பதும், நொண்டிக் குதிரை லைசென்ஸை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது என்பதும், கீழே போகிற லாரிக்காரன் ஒருவன் எதையும் கேட்கமாட்டான் என்பதும் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பாக்கியநாதனின் மண்டைக்குள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மேட்டைக் குவிக்க அவனுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று.

நடக்கமுடியாத அந்தச் சங்கதி வைகாசி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தொடங்கியது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த தண்டபாணி என்பவர் சுல்தான்மேல் ஏறினார். மூன்று தடவை டெர்பி ஜெயித்ததைப் பாக்கியநாதன் சொல்லி முடித்தான், தண்டபாணி முதுகை நிமிர்த்தினார், படகுத்துறையைத் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

“நான் ஓசூர்ப் பக்கம் பொறந்தனுங்க. எங்கம்மாளுக்கு என்னையக் கண்டாலே ஆகாதுங்க. மொதோ ரேசுல ஒம்பது குருதைங்க. நான் ஒம்பதாவதா வந்தனுங்க. மேல குத்தவெச்சிருந்தவன் அடிச்சான். அடிச்சா ஓடும்னு அவனுக்கு எவனோ சொல்லிப்போட்டானுங்க. அடிச்சா வலிக்கும், அவ்வளவுதானுங்க.”

பக்கத்தில் வெண்ணிலாமேல் வந்துகொண்டிருந்த அவர் மனைவி, “ஏனுங்க, நீங்க எப்பங்க ரேசுல ஓடுனீங்க?” என்று கேட்டார். கேட்ட வாய் மூடவில்லை, அதே மூச்சில், “நான் இருநூத்தி பன்னெண்டு மாப்பிளைங்களச் சொமந்தவளுங்க,” என்று தொடர்ந்தார், “இருநூத்தி பதினொண்ணு பேருக்குத் தொடை நடுங்குச்சுங்க. ஒருத்தன் மட்டும் நடுங்கல. அவன் குடிச்சிருந்தான்.”

இருவரும் ஒரு சுற்று முழுவதும் பேசினார்கள், அவரவர் ஊர்த்தமிழில், அவரவர் குரலில், இறங்கியவுடன் நிறுத்தினார்கள். தண்டபாணி கழுத்தைத் தடவிக்கொண்டு, “காரை எங்க நிறுத்துனோம்?” என்று கேட்டார். அவர்கள் வாயில் வந்ததை அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அது தங்களை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். டெர்பிப் பொய் வெளியாகிவிட்டதே என்று பாக்கியநாதன் அவருடைய காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நல்ல சவாரிங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலைக்குள் முப்பது குதிரைகளும் மேலே ஏறியவர்களின் வாயால் பேசிவிட்டன. கேப்டன் எல்லையைப் பார்த்ததில்லை. சர்க்கஸ் கூடாரத்துக்குள் பதினொரு வருஷம் வட்டமடித்தவன். ராணி மெரினா கடற்கரையில் மணலில் இழுபட்டவள். அலையையும், அதை ஏதோ முதன்முதலாகக் கண்டுபிடித்தவர்களைப் போலக் கத்துகிறவர்களையும், தன் முகத்துக்கு நேரே நீட்டப்பட்ட மிளகாய் பஜ்ஜிகளையும் அவள் மன்னிக்கவில்லை. எந்தக் குதிரையும் எந்த மனிதரையும் பாராட்டவில்லை. அதைவிட முக்கியம், எந்தக் குதிரையும் தன் கதையை நடுவிலிருந்து தொடங்கவில்லை. ஆள் ஏறினால் பிறப்பிலிருந்து தொடங்கும், ஆள் இறங்கினால் நின்றுபோகும், அடுத்த ஆள் ஏறினால் மறுபடி பிறக்கும். ஏரியைச் சுற்ற நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்தில் சுல்தான் ஒன்பதாவது பந்தயத்தைத் தாண்டியதில்லை. அவன் மொத்தம் இருபத்தேழு பந்தயங்களில் ஓடியவன், எதையும் சுருக்கிச் சொல்லுகிற வழக்கம் அவனிடம் இல்லை.

நாலாம் நாள் குதிரைக்காரர் சங்கம் கூடியது. தலைவர் காஜா மைதீன் பாய் பேச்சை நீட்டவில்லை.

“இத்தன வருசமா நம்ம வாய் வலிச்சுச்சு. இனி அவங்க வாய் வலிக்கட்டும். வேற ஏதாச்சும் பேசணுமா?”

“பாய், நம்மளப் பத்தியும் சொல்லுதே. நேத்து ஒரு சேலத்துப் பொம்பள என்னைய மூஞ்சிக்கு நேரா சோம்பேறிங்குது.”

“சோம்பேறிதானப்பா நீ?”

கூட்டம் கலைந்தது. அதோடு பனிமேடு அந்த அதிசயத்தைச் செரித்துவிட்டது. ஊருக்கு வந்தவர்கள் மூன்று வாரத்தில் பழகிவிட்டார்கள், பிறகு அதைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்; குதிரையின் வாயால் திட்டு வாங்காமல் மலையை விட்டு இறங்குவது ஏமாந்துபோவது என்று குடும்பங்களில் பேசிக்கொண்டார்கள். திட்டு தங்களுக்கு அல்ல, தங்களுக்கு முன்னால் ஏறியவர்களுக்கு என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். தன்னம்பிக்கைப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் நாற்பது சீடர்களோடு வந்து கேப்டன்மேல் ஏறினார். “இடது பக்கம் திரும்பினேன்,” என்றார், “மறுபடியும் இடது பக்கம் திரும்பினேன்.” நாற்பது நிமிஷமும் அதையே சொன்னார், நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து ஆறு நாள் தங்கி, குதிரைகளிடம் போதுமான சொல்வளம் இல்லை என்று கண்டறிந்து கீழே இறங்கினார். பங்குச் சாமியார் பூசையில், பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவர்களெல்லாம் குதிரைக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். மறு ஞாயிறு அவரும் வெண்ணிலாமேல் ஏறி, மாப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினார். தேன்நிலவுத் தம்பதிகளுக்கு மட்டும் வெண்ணிலாவைக் கொடுப்பதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. அதற்குப் பிறகு அவர்கள் வெண்ணிலாவைத் தவிர வேறெதிலும் ஏற மறுத்தார்கள்.

கேட்கிற ஊர் அல்ல என்று சொன்னோம். ஆனால் பெட்டிஷன் போடுகிற ஊர். மெரினாவிலிருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்ததாகச் சொல்லும் ஒரு குதிரை பதிவேட்டில் நாற்பது வருஷமாகப் பனிமேட்டில் இருப்பது எப்படி என்று கையெழுத்தில்லாத ஒரு கடிதம் நகராட்சிக்குப் போனது. நகராட்சி யோசித்தது, யோசித்ததன் விளைவாக ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு உரிமையாளரும் தம் குதிரைகளில் ஒன்றைத் தாமே தேர்ந்து சோதனைக்கு நிறுத்த வேண்டும். அதன் வரலாறு, பிறப்பு முதல் இன்றுவரை, விடுபடாமல் கேட்கப்படும். பதிவேட்டோடு பொருந்தினால் அவருடைய எல்லாக் குதிரைகளுக்கும் லைசென்ஸ் நீடிக்கும். பொருந்தாவிட்டால் எல்லாம் ரத்து. வெளியார் ஏறிச் சொன்னதைப் பின்னால் மறுக்க இடமிருப்பதால், ஏறுகிறவர் உரிமையாளரின் குடும்பத்தாராக இருக்க வேண்டும், கயிற்றை உரிமையாளரே பிடிக்க வேண்டும்.

அடுப்படியில் அமலோற்பவம் கேரட் சீவிக்கொண்டே, “ராணிய மட்டும் நிறுத்திராதீங்க,” என்றாள். “வாயத் தொறந்தாலே பஜ்ஜி.”

“ராணியுமில்ல, கேப்டனுமில்ல. அவனுங்க பேருல நாலு பேரு இருந்திருக்கானுங்க. சுல்தான் பேருல சுல்தான் ஒருத்தன்தான், அவனுக்கு மட்டும் வந்த அன்னிக்கே ஆபீசுல முறையா பேரு மாத்தி எழுதுனோம். காகிதத்துல என்ன இருக்கோ அதான் நிக்கிது.”

“அப்ப அதுவே சரி. யாரு ஏறுறது?”

“நீதான். வேற யாரு இருக்கா?”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “நானா? கடிக்குமாங்க?”

“கடிக்காது. திட்டும்.”

“அது எனக்குப் பழக்கம்தான்,” என்றாள் அவள்.

அவன் நன்றாக யோசித்துத்தான் வைத்திருந்தான். பாப்பா லாரியில் போன அந்த வியாழக்கிழமையன்று கொட்டகையில் இருந்த குதிரைகளில் இன்று மிச்சமிருந்தவை இரண்டுதான். வெண்ணிலா அன்று அந்தக் கோடியில் சுவரைப் பார்த்துக் கட்டியிருந்தாள். சுல்தான் பாப்பாவுக்கு அடுத்த தடுப்பில் நின்றான். ஆனால் சுல்தான் வாயைத் திறந்தால் பந்தயம்தான், ஒன்பது பந்தயம், அதற்குமேல் ஒருநாளும் போனதில்லை. பிறப்பு முதல் இன்றுவரை என்று சுற்றறிக்கையில் இருந்ததை அவன் இரண்டு தடவை படித்தான், இரண்டு தடவையும் அது அதிகாரிகளின் பேச்சு என்று தள்ளிவிட்டான். அதிகாரிகள் சொன்னதை அதிகாரிகளே செய்து அவன் பார்த்ததில்லை. ஊரில் ஒரே ஒரு நிஜமான குதிரையைத் தேர்ந்துவிட்டோம் என்கிற நிம்மதியில் அன்று அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

கால்நடை ஆய்வாளர் தணிகாசலம் காலை ஒன்பது மணிக்கு வந்தார். மெலிந்தவர், புதிதாக மாற்றலாகி வந்தவர், விதிகளைப் படிக்கும் விபரீதப் பழக்கம் உள்ளவர்.

“ஏறச் சொல்லுங்க. கதை முடியுற வரைக்கும் இறங்கக் கூடாது. இறங்கினா மறுபடி மொதல்ல இருந்து வரும்னு கேள்விப்பட்டேன்.”

“சார், ஒரு சுத்து போனா போதும் சார். எல்லாத்தையும் சொல்லிரும்.”

“இன்னைக்கு வரைக்கும்னு போட்டிருக்கேய்யா. எத்தனை சுத்து ஆனாலும் போவோம். எனக்கு அவசரமில்ல.”

அமலோற்பவம் சேலைக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டு, தலையில் மப்ளரைக் கட்டி, ஒரு ஸ்டூலில் ஏறி, அங்கிருந்து சுல்தான்மேல் ஒருபக்கமாக உட்கார்ந்தாள். முப்பது வருஷம் குதிரைக்காரன் வீட்டில் வாழ்ந்தவள் அன்றுதான் குதிரையின் உயரத்தைப் பார்த்தாள்.

“அம்மாடி, ஏரி இம்புட்டுப் பெருசா?” என்றாள். பிறகு கீழே பார்த்தாள். “ஏங்க, உங்க குல்லாவுல மேல ஓட்டையிருக்கு.”

அவள் அவளாகப் பேசியது அவ்வளவுதான். படகுத்துறையைத் தாண்டியதும், “நான் ஓசூர்ப் பக்கம் பொறந்தேன்,” என்று தொடங்கினாள். “எங்காத்தாளுக்கு என்னையக் கண்டாலே ஆகாது.”

முதல் சுற்று பாக்கியநாதனுக்கு மனப்பாடமான சுற்று. ஒன்பது பந்தயம், ஒன்பது தோல்வி, ஒன்பது சவுக்கு. தணிகாசலம் கூடவே நடந்து வந்தார். இரண்டாம் சுற்றுக்கு அவர் வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டார், பதிவேட்டைக் கேரியரில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே மிதித்தார். பத்தாவது பந்தயத்திலிருந்து பாக்கியநாதன் இதுவரை கேட்டிராத சுல்தான் வந்தான். பன்னிரண்டாவதில் அவனுக்கு முன்னால் ஓடிய குதிரை விழுந்து கால் முறிந்தது, அதன் உயிர் போகுமுன் அதன்மேல் பணம் கட்டியவர்கள் சீட்டைக் கிழித்து அதன்மேல் எறிந்தார்கள். பதினெட்டாவதில் அவன் மூன்றாவதாக வந்தான், தவறுதலாக. “மூணாவதா வந்த அன்னிக்கு மட்டும் என்னைய ஒருத்தன் தடவிக் கொடுத்தான்,” என்றாள் அமலோற்பவம், குரல் கொஞ்சமும் மாறாமல். “கையி பூரா எண்ணெ. ஏதோ வறுவல் தின்னிருக்கான்.”

மூன்றாம் சுற்றில் இருபத்தேழு பந்தயமும் தீர்ந்தன. பணக்காரப் பிள்ளைகள் குதிரையேற்றம் பழகும் ஒரு கிளப்புக்கு அவன் போனான். பழகாத பிள்ளைகள் விழுந்தபோதெல்லாம் அவனுக்குப் பட்டினி. பிறகு லாரி, பிறகு நாற்பத்தேழு வளைவுகள், பிறகு மஞ்சு மூட்டம், பிறகு பனிமேடு. “இங்கன வந்தப்போ ஒருத்தன் என் காலப் பாத்தான்,” என்றாள் அமலோற்பவம். “என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. ஆளுங்கன்னாலும் அவங்க காலணியத்தான் பாப்பான்.”

மூன்றாம் சுற்று முடிகிற இடத்தில் பாக்கியநாதன் கயிற்றை இழுத்துப் பிடித்து நின்றான்.

“சார், அதான் பனிமேட்டுக்கு வந்திருச்சே சார். அதுக்கப்புறம் நம்ம கூடத்தான் சார் இருக்கு. எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.”

“எனக்கு என்ன தெரியும்? நான் வந்து ரெண்டு மாசம் ஆவுது. நடய்யா.”

“அவளுக்கு இடுப்பு வலிக்கும் சார்.”

“அம்மா, இடுப்பு வலிக்குதா?”

“அவ ஒருத்திதான் எனக்குத் தண்ணி வைப்பா,” என்றாள் அமலோற்பவம், அவரைப் பார்க்காமல். “வெச்சுட்டு அந்தாண்ட போயிருவா. அவளுக்கு அடுத்த தடுப்புல நின்னவதான் உசுரு.”

நாலாம் சுற்று தொடங்கியது. படகுத்துறை போனது, சோளக்கருது சுடும் வண்டிகள் போயின, ஊசியிலை மரங்களின் நிழல் வந்தது. பாக்கியநாதன் நடையை வேகமாக்கினான். சுல்தான் வேகமாகவில்லை, வேகத்தைப் பற்றி அவனுக்கு இருபத்தேழு பந்தய அனுபவம் இருந்தது. அமலோற்பவம் ஒருபக்கமாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி, அரிசி விலை சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“பலகைக்கு அந்தப் பக்கம் அவ நிப்பா. கறுப்பி. மூக்கு மட்டும் பலகைக்கு மேல வரும். நாங்க பேசிக்கிட்டதில்ல, பேச என்ன இருக்கு? அவளுக்குக் களி வரும், எனக்கு வராது. அதுக்காக அவமேல எனக்குக் கோவமில்ல. அவளுக்குக் கால் வீங்குச்சு. களி குடுக்கிறவ ஊருக்குப் போனா. போன மூணாம் நாளு மத்தியானம் மஞ்சுக்குள்ள ஒரு லாரி வந்து நின்னுச்சு.”

“அமலோ,” என்றான் பாக்கியநாதன்.

“வாங்குறவன்னா பல்லப் பாப்பான். என்னைய வாங்குனவன்லாம் பல்லப் பாத்தான். இவன் பல்லப் பாக்கல. வயித்தத் தட்டி எடையப் பாத்தான். பலகை சாச்சானுங்க. நொண்டிக்கிட்டே ஏறுனா. ஏறுறதுக்கு முன்னாடி திரும்பி வாசப்பக்கம் பாத்தா, களி வருதான்னு. இப்ப என் கயித்தப் பிடிச்சு நடக்குறானே, இவன் அழுதான். நல்லாவே அழுதான், மூக்கு ஒழுகுச்சு. அழுதுக்கிட்டே அவ கழுத்துக் கயித்த அவுத்து எடுத்துக்கிட்டான். கயிறு புதுசு.”

ஊசியிலை மரங்கள் முடிந்தன. வெயில் வந்தது.

“அந்தக் கயிறுதான் இப்ப என் கழுத்துல கெடக்கு,” என்றாள் அமலோற்பவம்.

அதற்குப் பிறகும் சுல்தான் விடவில்லை. லாரி போனதையும், பாக்கியநாதன் மண்வெட்டியோடு பின்பக்கம் போனதையும், இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து கை கழுவியதையும், ஐந்தாம் நாள் கொட்டகை முழுவதும் எண்ணெய் வாசனை வீசியதையும், புதிதாக ஒருத்தி அந்தத் தடுப்புக்கு வந்து அலையைத் திட்டத் தொடங்கியதையும், இன்று காலை ஸ்டூல் போட்டு ஒருத்தி ஏறியதையும் சொன்னான். கொட்டகை வாசலுக்கு வந்ததும் கதை இன்றைக்கு வந்து சேர்ந்துவிட்டது. சுல்தான் நின்றான். அவள் வாய் மூடியது.

தணிகாசலம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். பெயர், நிறம், வயது, வந்த ஆண்டு, அடையாளம் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. ஐந்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

“பேரு, பழுப்பு, வந்த வருஷம், எல்லாம் பொருந்துது. லாரி விஷயத்துக்கு இதுல கட்டம் இல்ல.” பேனாவை மூடினார். “உங்க ஆறு குதிரைக்கும் லைசென்ஸ் உண்டுய்யா. ராணிக்கு நாப்பத்து மூணு, சரிதானே? நல்லா வெச்சிருக்கீங்க.”

பாக்கியநாதன் அவருடைய காலணியைப் பார்த்துத் தலையாட்டினான்.

அமலோற்பவம் ஸ்டூலுக்குக் காத்திருக்கவில்லை, தானாகவே இறங்கினாள். சேலையை உதறிச் சரிசெய்தாள். சுல்தானின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து, முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒழுங்காகச் சுற்றிக்கொண்டாள்.

“சார், காப்பி குடிக்கிறீங்களா?”

“குடுங்கம்மா.”

காப்பி வந்தது. அவர் குடித்தார், நன்றாயிருக்கிறது என்றார், போனார்.

“அமலோ,” என்றான் பாக்கியநாதன். “நா என்ன சொல்றேன்னா...”

“கடப்பாரை எங்க?”

“எதுக்கு?”

“பலகையப் பேக்கணும்.”

அவன் எடுத்துக் கொடுத்தான். சுல்தானுக்கும் ராணிக்கும் நடுவிலிருந்த தடுப்புப் பலகைகளை அவளே பெயர்த்தாள், ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் பின்பக்கச் சரிவுக்குக் கொண்டுபோனாள். மேட்டைச் சுற்றியிருந்த வெள்ளைக் கற்களை எடுத்துக் கொட்டகை வாசல் சேற்றில் மிதிகல்லாகப் போட்டாள். மேட்டைக் கொத்தி, சாணமும் கலந்து, பலகைகளை ஊன்றி, கயிற்றால் இழுத்துக் கட்டி, பீன்ஸ் விதை போட்டாள். வேறு கயிறு தேவைப்படவில்லை. அது நல்ல கயிறு.

அன்று மத்தியானம் சுல்தான் படுத்தான். முதலில் முன்னங்கால்களை மடக்கினான், பிறகு மற்றதை, பிறகு தலையையும் வைக்கோலில் சாய்த்து, காது துடிக்க, உதடு துடிக்க, அரை மணி நேரம் கிடந்தான். அவன் எழுந்த பிறகு ராணி படுத்தாள். மறுநாள் சுல்தான்மேல் ஏறிய நாமக்கல்காரர் ஒரு சுற்று முழுவதும் ஒன்றும் பேசவில்லை. பக்கத்துக் குதிரைகளெல்லாம் பேசும்போது தனக்கு மட்டும் பேசாத குதிரையைக் கொடுத்துவிட்டார்கள் என்று இறங்கியதும் சண்டை பிடித்தார். காஜா மைதீன் பாய் வந்து சமாதானம் செய்து, அவரைக் கேப்டன்மேல் ஏற்றி அனுப்பினார்.

அந்த வருஷம் பீன்ஸ் நன்றாகக் காய்த்தது. கார்த்திகை வரைக்கும் பாக்கியநாதன் வீட்டில் வேறு காய் சமைக்கவில்லை.